விமான ஊழியர் வேலைநிறுத்தம்: திரும்பி வரும் பணம் யார் கைக்குப் போகிறது?

ஈப்போ: 2024 மே 7ஆம் தேதி இரவு, இந்தியாவின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தில் விமானப் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக “உடம்பு சரியில்லை” என்று தகவல் அனுப்பத் தொடங்கினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி ஒரே நேரத்தில் விடுப்பு எடுத்ததாக நிறுவனம் சொன்னது. அன்றிரவும் மறுநாளும் 80க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வளைகுடா நாடுகளுக்குப் புறப்பட்ட பலர் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விவரத்தைத் தெரிந்துகொண்டனர்.

நிறுவனம் 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே 9ஆம் தேதி டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. நீக்க உத்தரவு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினர். நிறுவனமும் ஊழியரும் சில நாட்களில் சமரசமாகிவிட்டனர். ஆனால், வளைகுடாவில் மருத்துவமனையில் கிடந்த கணவரைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு பெண்ணின் விமானம் ரத்தானது. மறுநாள் மாற்றிக் கொடுத்த விமானமும் ரத்தானது. அவர் போய்ச் சேருவதற்குள் கணவர் இறந்துவிட்டார். அந்தச் செய்தி இந்தியா முழுவதும் பேசப்பட்டது.

பேராக் தமிழர்களுக்கு இது தொலைவில் நடந்த கதையாகத் தோன்றலாம். ஆனால் சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான், பீடோர் பக்கம் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான்: உறவில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், சபரிமலை யாத்திரை. நாள் குறித்த காரியங்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் போய்ப் பயனில்லை.

இத்தகைய நேரத்தில் பயணியைக் காப்பாற்ற மலேசியாவில் சட்ட விதிகள் உண்டு. அண்மைக்காலத்தில் அவை வலுப்படுத்தவும் பட்டுள்ளன. சிக்கல் என்னவென்றால், தன் கைத்தொலைபேசியில், தன் வங்கி அட்டையில், ஒரே டிக்கெட்டாக முழுப் பயணத்தையும் வாங்கும் பயணிக்குத்தான் அந்த விதிகள் நன்றாக வேலை செய்கின்றன. நம் தோட்டத்து, பட்டணத்துக் குடும்பங்கள் அப்படிப் பயணம் செய்வது குறைவு.

முன்னறிவிப்பு இல்லாத நிறுத்தம்

மலேசியாவில் விமான ஊழியர்கள் நினைத்த மாத்திரத்தில் வேலைநிறுத்தம் செய்துவிட முடியாது. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் தரை, கடல், வான் போக்குவரத்தை அத்தியாவசியச் சேவை என வகைப்படுத்துகிறது. இந்தச் சேவைகளில் வேலைநிறுத்தம் செய்ய முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 21 நாட்கள் கடக்க வேண்டும். தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் அதன் பிறகு வேலைநிறுத்தமே செய்யக்கூடாது.

நாட்டின் பெரிய விமானத் தகராறு 1979 தொடக்கத்தில் நடந்தது. மலேசிய விமான நிறுவனமான மாஸ் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டுப் போராடினர். சங்கத் தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டனர்; சங்கத்தின் பதிவும் ரத்தானது. அடுத்த ஆண்டே தொழிற்சங்கச் சட்டங்கள் மேலும் இறுக்கப்பட்டன. அதன் பிறகு உள்நாட்டு விமான நிறுவனங்களில் வேலைநிறுத்தம் என்ற சொல் அரிதாகவே காதில் விழுகிறது.

ஆகவே நம் பயணி சந்திக்கக்கூடிய வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெளிநாட்டில் முளைப்பது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டு ஏர் இந்தியா விமானிகளின் போராட்டம் மே தொடங்கி ஜூலை வரை, ஏறக்குறைய இரண்டு மாதம் நீடித்து, வெளிநாட்டுச் சேவைகளைப் பாதித்தது. அதற்கு முன் 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பில் போயினர். 2024இல் நடந்ததும் அதே வழி.

நோய் விடுப்பு என்ற வழியை ஊழியர்கள் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முறைப்படி வேலைநிறுத்தம் செய்ய இந்தியாவிலும் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டாக விடுப்பு எடுத்தால் அறிவிப்புத் தேவைப்படவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான், 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், பாதி அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்றே கணக்கிடுகிறது.

பயணிக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அறிவிப்போடு வரும் வேலைநிறுத்தத்தைச் செய்தியில் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். அறிவிப்பில்லாமல் வருவதற்கு, டிக்கெட் வாங்கும் நாளிலேயே ஏற்பாடு செய்திருந்தால்தான் உண்டு.

நம் நாட்டு விதி தருவது என்ன?

மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து வாரியமான சி.ஏ.ஏ.எம்முடன் இணைக்கப்பட்டுவிட்டது. விதிகள் தொடர்கின்றன, புகார்களைக் கவனிப்பது இப்போது சி.ஏ.ஏ.எம். மலேசிய நிறுவனங்களோடு, இங்கு வந்து போகும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணிக்கு உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி தர வேண்டும். தாமதம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் ஹோட்டல் அறையும், அங்கு போய்வர வாகனமும் தர வேண்டும். விமானம் ரத்தானால், முழுப் பணத்தைத் திரும்பப் பெறுவதா அல்லது மாற்று விமானத்தில் போவதா என்பதைத் தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை.

2024 செப்டம்பர் 2 முதல் இரண்டு முக்கிய மாற்றங்கள் வந்தன. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தை வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கேட்கலாம். இரண்டாவதாக, பயணி எந்த முறையில் பணம் கட்டினாரோ அதே முறையில் பணம் திரும்ப வேண்டும். அதுவும் 30 நாட்களுக்குள். முன்பு பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு அல்லது பயணக் கணக்கில் வரவு என்று கொடுத்து முடித்துவிடும். கோவிட் காலத்தில் பலர் பட்ட பாடு நினைவிருக்கும். இனி பற்றுச்சீட்டை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம்.

விதியை மீறும் நிறுவனத்துக்கு முதல் முறை 200,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க முடியும். மீண்டும் மீறினால் அதைப்போல் பத்து மடங்கு.

வேலைநிறுத்தம் யார் பொறுப்பு?

பணம் திரும்பக் கிடைப்பது வேறு, இழப்பீடு கிடைப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முகப்பில் வீண் வாக்குவாதம் நடக்கிறது. ரத்தான டிக்கெட்டின் பணம் பயணிக்குச் சொந்தமானது. பட்ட சிரமத்துக்காக அதற்கு மேல் ஒரு தொகை தருவதுதான் இழப்பீடு. மலேசிய விதியில் ரத்துக்காக இவ்வளவு ரிங்கிட் ரொக்கம் என்ற நிலையான இழப்பீட்டுப் பட்டியல் இல்லை.

இந்தியாவில் பட்டியல் உண்டு. உள்ளூர் விமானம் தக்க முன்னறிவிப்பின்றி ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்பு வைத்து இழப்பீடு தரச் சொல்கிறது அந்நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஆனால் அதே விதி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலைகளின் வரிசையில் இயற்கைப் பேரிடர், கலவரம் ஆகியவற்றோடு வேலைநிறுத்தத்தையும் தொழில் தகராறையும் சேர்த்திருக்கிறது. எனவே ஊழியர் போராட்டத்தால் விமானம் ரத்தானால் அங்கே இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் மாற்று விமானம் கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கும்.

ஐரோப்பிய நீதிமன்றம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஜெர்மனியின் டூயிஃபிளை நிறுவனத்தில் ஊழியர்கள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்த வழக்கில் 2018இலும், ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். விமானிகளின் வேலைநிறுத்த வழக்கில் 2021இலும் தீர்ப்பு வந்தது. சொந்த ஊழியரோடு சம்பளத் தகராறு வருவது ஒரு நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் அடங்கியது. அதை எதிர்பாராத சூழ்நிலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். இதனால் ஐரோப்பாவிலிருந்து புறப்படும் நீண்ட தூர விமானம் இப்படி ரத்தானால் 600 யூரோ வரை கேட்க முடிகிறது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களின் வேலைநிறுத்தம் விமான நிறுவனத்தின் கையில் இல்லாததால், அதற்கு இந்த இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது.

ஒரே விதமான வேலைநிறுத்தத்துக்கு, எந்த நாட்டிலிருந்து ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சென்னையில் மாட்டிக்கொண்டவர், பிள்ளையைப் பார்க்க ஐரோப்பா போய்வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த தொகையைச் சொல்லி வாதாடினால் பலன் இராது.

விதிக்கும் நம் பயணத்துக்கும் நடுவே

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நேரடி விமானம் இல்லை. சிலர் சிங்கப்பூர் வழியாகத் திருச்சி போகிறார்கள். வட பேராக்கில் இருப்பவர்கள் பினாங்குக்குப் போய் சென்னை விமானத்தைப் பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு கே.எல்.ஐ.ஏ.தான். அமான்ஜெயா முனையத்திலிருந்து பேருந்து, அல்லது ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை, அங்கிருந்து விமான நிலைய ரயில்.

ஓர் எடுத்துக்காட்டுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்படும் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அமான்ஜெயாவிலிருந்து பேருந்து. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தின் டிக்கெட். சென்னையிலிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்தின் டிக்கெட். மதுரையிலிருந்து ஊருக்கு வேன். பார்த்துப் பார்த்து மலிவாக எடுத்ததால் எல்லாம் தனித்தனி.

முதல் விமானம் ரத்தானால், அந்த நிறுவனம் கோலாலம்பூர் – சென்னைப் பணத்தை மட்டும் திருப்பித் தரும். மதுரை விமானத்தைப் பொறுத்தவரை இந்தக் குடும்பம் “வராத பயணிகள்”. அந்த டிக்கெட் போனது போனதுதான். பேருந்துப் பணமும் வேன் முன்பணமும் அப்படியே. மாறாக, முதல் விமானம் சரியாகப் போய்ச் சேர்ந்து சென்னை – மதுரை விமானம் ரத்தானால், அதற்கு இந்திய விதி பொருந்தும். கொண்டுவந்து சேர்த்த நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. இதே பயணத்தை ஒரே முன்பதிவு எண்ணில் எடுத்திருந்தால், கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு டிக்கெட் கொடுத்தவர்களுடையது.

இது கற்பனைப் பயம் இல்லை என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளின் ஓய்வு நேரத்தை அதிகப்படுத்திய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்துகொள்ளாததால், இந்தியாவின் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் சேவை நிலைகுலைந்தது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அது வேலைநிறுத்தம் இல்லை. ஆனால் ஆள் இல்லாமல் விமானம் நிற்கும்போது, காரணம் எதுவாக இருந்தாலும் பயணியின் நிலை ஒன்றுதான். பெரும்பாலும் அடிபட்டவை உள்ளூர்ச் சேவைகள். சபரிமலை யாத்திரைக் காலம் வேறு. வெளிநாட்டிலிருந்து சென்னைவரை வந்துவிட்டு, தனி டிக்கெட்டில் உள்ளூர் விமானம் பிடிக்க நினைத்தவர்களுக்கு இதுதான் பலவீனமான கண்ணி.

தனித்தனி டிக்கெட் முதல் இடைவெளி என்றால், இரண்டாவது இடைவெளி பணம் கட்டிய முறை. “கட்டிய அதே முறையில் பணம் திரும்ப வேண்டும்” என்ற புதிய விதி பயணிக்கு நல்லதுதான். ஆனால் நம்மில் பலர் பட்டணத்து ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுக்கிறோம். ஏஜெண்ட் தன் அட்டையிலோ தன் கணக்கிலோ டிக்கெட் எடுக்கிறார். விமான நிறுவனத்தின் பதிவேட்டில் பணம் கட்டியவர் ஏஜெண்ட். 30 நாட்களுக்குள் பணம் திரும்பும். ஏஜெண்டின் கணக்குக்குத் திரும்பும். அங்கிருந்து பயணியின் கைக்கு எப்போது வரும் என்பதை இந்த விதி சொல்லவில்லை. மருமகன் அட்டை, பக்கத்து வீட்டுத் தம்பியின் அட்டை என்று எடுத்தாலும் இதே கதைதான்; உறவுக்குள் மனத்தாங்கலும் சேரும்.

குழுவாகக் கோயில் யாத்திரை போகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். நாற்பது பேரின் பெயரில் ஒரே முன்பதிவு. தொடர்புக்கு ஏஜெண்டின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். விமானம் ரத்தானால் குறுஞ்செய்தி போகும் இடமும் அதுதான். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் நாற்பது பேரும் பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

மூன்றாவது இடைவெளி காலம். சட்டம் 30 நாட்கள் என்கிறது. கருமாதி 16ஆம் நாளில் முடிந்துவிடும். வேலைநிறுத்தம் பொதுவாக ஒரு நிறுவனத்தைத்தான் முடக்கும். மற்ற நிறுவனங்களின் விமானங்கள் பறந்துகொண்டிருக்கும். கையில் பணம் உள்ளவர் உடனே வேறு டிக்கெட் வாங்கிப் போய்விட்டு, முதல் டிக்கெட்டின் பணத்துக்குக் காத்திருப்பார். மாதச் சம்பளத்தில் சேர்த்துவைத்து ஒருமுறைதான் டிக்கெட் வாங்க முடியும் என்ற குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. வேலைநிறுத்தத்தின் பாரம் ஏழைப் பயணியின் தலையில் கூடுதலாக இறங்குவது இங்கேதான்.

டிக்கெட் வாங்கும் நாளில்

இந்த இடைவெளிகளில் பெரும்பாலானவற்றை டிக்கெட் வாங்கும்போதே குறைக்க முடியும்.

விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கடைசி விமான நிலையம் வரை ஒரே முன்பதிவு எண்ணில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால், நடுவில் ஓர் இரவு இடைவெளி விட வேண்டும். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் போய் இறங்கும் பழக்கத்தை விட்டு, இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே போவது பாதுகாப்பு. சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலும் பேருந்தும் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஏஜெண்ட் மூலம் எடுத்தாலும், முன்பதிவில் பயணியின் சொந்தத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்ல வேண்டும். முன்பதிவு எண் அச்சிட்ட தாளைக் கையோடு வாங்க வேண்டும். விமானம் ரத்தானால் எத்தனை நாளில் பணம் தருவார், அதில் எவ்வளவு பிடித்துக்கொள்வார் என்பதை ரசீதில் எழுதி வாங்குவது முறை. ஏஜெண்டுக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுற்றுலாத் தொழில் சட்டம் 1992 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

பயணக் காப்புறுதி எடுப்பவர்கள் டிக்கெட் வாங்கிய அன்றே எடுக்க வேண்டும். வேலைநிறுத்தம் பற்றிய செய்தி வெளிவந்த பிறகு எடுக்கும் காப்புறுதி, அந்த வேலைநிறுத்தத்துக்குப் பொதுவாகப் பயன்படாது. வேலைநிறுத்தம் காப்புறுதியில் அடங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடலாம்.

திரும்பும் பயணத்தையும் மறக்கக்கூடாது. இந்திய விசா முடியும் நாளை ஒட்டித் திரும்பும் டிக்கெட் போட்டால், விமானம் ரத்தாகும்போது விசாவும் முடிந்துவிடும். பிறகு அங்குள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தை நாட வேண்டிவரும். ஒரு வாரமாவது மிச்சம் இருப்பது நல்லது. இரத்த அழுத்தம், இனிப்புநீர் மருந்து சாப்பிடும் பெரியவர்கள், கூடுதலாக ஒரு வாரத்துக்கான மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் போட்டால் பெட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிவிடலாம்.

விமானம் ரத்தாகும் நாளில்

ஈப்போவிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர அரை நாள் ஓடிவிடும். எனவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன் விமானத்தின் நிலையை நிறுவனத்தின் செயலியிலோ இணையத்தளத்திலோ பார்ப்பது அவசியம். வீட்டுப் பிள்ளைகள் இதை இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

வேலைநிறுத்தச் செய்தி வந்ததும் பதறிப்போய்ப் பயணி தானே டிக்கெட்டை ரத்து செய்வது பெரிய தவறு. பயணி ரத்து செய்தால் அது அவர் விருப்பம். சாதாரண டிக்கெட்டில் முழுப் பணமும் திரும்பாது. நிறுவனம் ரத்து செய்தால்தான் முழுப் பண உரிமை உருவாகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம் என்று நிறுவனமே அறிவித்தால், அது வேறு விஷயம்.

விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால், அறிவிப்புப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். ரத்துக்கோ தாமதத்துக்கோ காரணத்தை எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் தாண்டியதும் உணவு கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அது தர்மம் இல்லை, விதி. சொந்தப் பணத்தில் சாப்பிட்டாலும், வாடகை வாகனம் எடுத்தாலும் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். பற்றுச்சீட்டை நீட்டினால், ஏற்பதற்கு முன் “இதை ஏற்றால் பணம் கேட்க முடியாதா?” என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்றுக்கொண்ட பிறகு பணம் கேட்பது கடினம்.

பிறகு செய்ய வேண்டியது

முதல் புகார் விமான நிறுவனத்துக்கு எழுத்து மூலம் போக வேண்டும். 30 நாட்களில் தீர்வு வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சி.ஏ.ஏ.எம்முக்குப் புகார் செய்யலாம். முன்பதிவு எண், ரசீதுகள், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வழக்கறிஞர் வேண்டியதில்லை.

கடன் அட்டையில் கட்டியவர்கள், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 அக்டோபர் 12ஆம் தேதி மைஏர்லைன் நிறுவனம் திடீரெனச் சேவையை நிறுத்தியபோது, நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லாத நிலையில் இந்த வழியின் அருமை தெரிந்தது. ரொக்கம் கொடுத்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஏஜெண்ட் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். அங்கும் ரசீது பேசும், வாய்ச்சொல் பேசாது.

பெட்டி தாமதமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமாகியிருந்தால் 7 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். அனைத்துலகப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் வைத்திருக்கும் கெடு அது. மலேசியாவும் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

கோபம் யார் மீது?

ரத்தான விமானத்தின் முகப்பில் நிற்கும் ஊழியரைத் திட்டுவது எளிது. ஆனால் வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று பேராக் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் முதல், தோட்டத் தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டது வரை, நம் பாட்டன் பூட்டன் கையிலிருந்த ஒரே ஆயுதம் அது. 2024இல் விடுப்பு எடுத்த விமானப் பணியாளர்களும், இரண்டு நிறுவனங்கள் இணைக்கப்படும்போது சம்பளத்திலும் நடத்தப்படும் விதத்திலும் தங்களுக்கு அநியாயம் நடக்கிறது என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்பது ஒரு வழக்கு. பயணியின் பணமும் உணவும் தங்குமிடமும் வேறொரு வழக்கு. முதல் வழக்கு எப்படி முடிந்தாலும் இரண்டாவதில் நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கடமை நம் மக்கள் வரை வந்து சேர, விதியில் இன்னும் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன. ஏஜெண்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டின் பணம், ஏஜெண்ட் கைக்கு வந்த பிறகு எத்தனை நாளில் பயணிக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு கெடு வைக்கலாம். குழு முன்பதிவில் ஒவ்வொரு பயணியின் தொடர்பு எண்ணையும் கட்டாயமாக்கலாம். உறவினர் இறப்பு, கடும் நோய் போன்ற காரணங்களுக்காகப் பயணம் செய்பவருக்கு, முதலில் கிடைக்கும் மாற்று விமானத்தில் முன்னுரிமை தரச் சொல்லலாம். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்காமல் ஊரில் தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. ஈப்போவிலும் சுற்றுப்பட்டணங்களிலும் டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகள், பயணியின் உரிமைகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து டிக்கெட்டோடு கொடுக்கலாம். யாத்திரைக் குழுக்களை அனுப்பும் கோயில் நிர்வாகங்கள், பணம் கட்டும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம். எழுத்துப்பூர்வமாகத் தர மறுக்கும் ஏஜெண்டிடம் நாற்பது பேரின் பணத்தைக் கொடுப்பதா என்று யோசிக்க, அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் தோட்டத்தில் இருந்தவர்கள் இங்கேயே அழுது முடித்துக்கொண்டார்கள். கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒரு குடும்பம் தன் சேமிப்பைக் கொடுத்து டிக்கெட் வாங்குகிறது. அடுத்த முறை வாங்கும்போது, முன்பதிவில் யார் எண் இருக்கிறது, பணம் யார் கணக்கிலிருந்து போகிறது என்ற இரண்டு கேள்விகளையாவது ஏஜெண்டிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.